நாவலரவர்களும் உபாத்தியாயர்களும்

நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879) நூல் பதிப்பித்ததையும் பிரசங்கஞ் செய்ததையும் அறியாதார் நம்முள் இலர். தம் உபாத்தியாயர்களை ஊக்கங் குன்றாது நிறுத்திய திறத்தையே ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபோது கையிற் பொருளில்லை. தம்மிடம் இலவசமாகக் கற்ற மாணாக்கரையே உபாத்தியாயராக்கினார். அவர்கள் சம்பளமின்றிக் கற்பிக்க உடன்பட்டது எதனால்? பேர்சிவல் பாதிரியாரிடம் பெற்றுவந்த வேதனத்தைத் தம் ஆசிரியர் அவ்வாண்டிலேயே துறந்ததை அவர்கள் கண்ணாரக் கண்டனர். தாம் விடாததைப் பிறரை விடச்சொல்லும் தலைவரை நாமும் கண்டிருக்கின்றோம். அது வேறு கதை.

ஆயினும் அன்பினால் வயிறு நிறையாது. நாவலரவர்கள் அதனை மறந்தாரல்லர். வீடுதோறும் பிடியரிசி சேர்ப்பித்தும் செலவை நடத்தினார். கற்பிக்க நூலின்றி இடர்ப்பட்டோருக்குப் பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சிட்டு உதவினார். 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குச் சென்றபோது மாணாக்கர் சதாசிவப்பிள்ளையையும் உடனழைத்துச் சென்றார். பெருங்காரியத்திற் பங்குகொடுத்தலினும் மேலான சம்பளம் யாது?

எல்லாம் கைகூடிற்றென்று சொல்லோம். 1872இல் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை பொருண்முட்டினாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. மற்றையதோ நாவலரவர்கள் இந்தியாவிற் பல்லாண்டு தங்கியபோதும் தளரவில்லை. 1879இல் அவர் சிவபதமடைந்தபின் வித்தியாசாலையையும் அச்சுக்கூடத்தையும் ஏற்று நடத்தியவர் அந்தச் சதாசிவப்பிள்ளையே.