பழி சுமந்த தாய் கண்ணாம்பா!

செல்லூர்:
செல்லூரில் இருந்து வைகை ஆற்றைத் தாண்டினால் சிம்மக்கல். அங்கே செல்லத்தம்மன் கோவிலில் கண்ணகி சிலை இருக்கிறது.

புருஷன் மீது விழுந்த திருட்டுப் பழியைத் துடைக்க மதுரையையே எரித்த கண்ணகி! 1942-ல் சினிமாவில் அந்தக் கண்ணகியாக வந்தவர் பி.கண்ணாம்பா. கோவலன், பி.யு.சின்னப்பா.

இத்தனைக்கும் கண்ணாம்பாவின் தாய்மொழி தெலுங்கு! ஆனால் அவர் தமிழ் வசனம் பேசினால் கொட்டகையே கப்சிப்!

நாடக மேடையில் இருந்து வந்தவர். 1935-ல் தெலுங்கு "ஹரிச்சந்திரா"வில் சந்திரமதி வேஷம். பிள்ளையைப் பறிகொடுத்து, செய்யாத கொலைக்கும் பழி சுமக்கும் தாய். முதல் படமே அப்படி!

பழி போட்டவர்

1941-ல் "அசோக்குமார்." இதில் தலைகீழ். மூத்த தாரத்து மகன் மீதே ஆசைப்படும் சிற்றன்னை. அவன் மறுத்ததும் அவன் தலையிலேயே பழியைப் போடுகிறாள். பாவம், அவனுக்குக் கண் போகிறது. மகனாக நடித்தவர் எம்.கே.தியாகராஜ பாகவதர்.

பழி சுமந்தவர்

13 வருஷம் கழித்து, 1954-ல் "மனோகரா." பம்மல் சம்பந்த முதலியார் நாடகம். மு.கருணாநிதி வசனம். எல்.வி.பிரசாத் டைரக்ஷன்.

வசந்தசேனை மயக்கத்தில் ராஜா, கட்டிய மனைவி பத்மாவதியை ஒதுக்கி விடுகிறான். சபையிலே அவள் மானமே போகிறது. மகன் சிவாஜி கணேசன் கொதிக்கிறான். தாய் தடுக்கிறாள். தன் மானம் போனாலும் போகட்டும், மகன் தகப்பனைக் கொன்ற பாவி ஆகிவிடக்கூடாது!

கடைசியில் அக்கிரமம் எல்லை மீறியதும், அவளே மகனுக்கு உத்தரவு போடுகிறாள். அவ்வளவுதான், சங்கிலி தூள் தூள்!

எம்.ஜி.ஆருக்கும் அம்மா

"தாய்க்குப் பின் தாரம்" (1956), "தாயைக் காத்த தனயன்" (1962) படங்களில் எம்.ஜி.ஆருக்குத் தாய். நிஜத்தில் அவரைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர்!

கணவர் கடாரு நாகபூஷணத்துடன் சேர்ந்து சொந்தப் படங்களும் எடுத்தார். 1964 மே 7-ந் தேதி காலமானார்.

கோர்ட்டு வராந்தாவில் இன்றைக்கும் பத்மாவதிகளைப் பார்க்கலாம். புருஷன் வாயாலேயே கெட்ட பெயர் வாங்கி, பிள்ளைகளுக்காக வாய் திறக்காமல் நிற்கிறார்கள். சினிமாவில் மூன்று மணி நேரத்தில் பழி தீர்ந்துவிட்டது. இவர்களுக்கோ வாய்தா மேல் வாய்தா!