காக்கித் துணியும் திரு.வி.க.வும்

திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரனார் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் சென்னையை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். கதிரைவேற் பிள்ளையிடம் தமிழ் பயின்று, வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கினார். 1917இல் அப்பணியைத் துறந்து ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியரானார்.

அக்காலத்தில் சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு பஞ்சாலைகள் பின்னி நிறுவனத்தின் பொறுப்பில் இயங்கின. மக்கள் உடுத்தும் துணியை நெய்து விற்ற அவ்வாலைகளே படைவீரர் சீருடைக்கான காக்கித் துணியையும் அரசுக்கு நெய்து தந்தன. முதல் உலகப்போர் மூண்டதும் காக்கியின் தேவை பெருகியது. ஆலைக்கு ஓய்வில்லை, உழைத்தவருக்கும் ஓய்வில்லை. நண்பகல் உணவுக்கு அரைமணி நேரமே கிடைத்தது. வெளியே வந்து, கை கழுவி, உண்டு, மீண்டும் தறிமுன் நிற்பதற்குள் அது கரைந்துவிடும்.

பெரம்பூரில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற ஆன்மிக அவை ஒன்று இருந்தது. அதனை நடத்திய செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் தொழிலாளரின் துயரை நாள்தோறும் கண்டவர்கள். 1918 மார்ச்சில் அவ்வவையில் திரு.வி.க. தொழிலாளர் ஒற்றுமை குறித்துப் பேசினார். ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவர். முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களுள் இதுவே முதலாவது என்பர்.

சங்கத்தின் முன் உடனே ஒரு சிக்கல் எழுந்தது. கொதித்திருந்த தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நாடினர். வாடியாவோ, ஆலை போர்வீரருக்கு ஆடை நெய்கிறது, போர் நடக்கும்போது தறியை நிறுத்தலாகாது என்று தடுத்தார். அன்னை பெசன்டுடன் தன்னாட்சி இயக்கத்தில் ஈடுபட்டு, 1917இல் காவலில் வைக்கப்பட்டவர் அவர். ஆட்சியை எதிர்த்தவரே ஆட்சியின் படைக்காகத் தயங்கினார். அத்தயக்கத்தில் நேர்மை உண்டு. எனினும் அதன் விலையைத் தந்தவர், பசியோடு தறிக்கு ஓடியவரே. ஆலை நிருவாகம் அத்தகைய தயக்கம் எதுவுமின்றிப் போர் முடியும் தறுவாயில் கதவடைப்புச் செய்தது.

போருக்குப் பின் பூசல் முற்றியது. 1920 டிசம்பரில் காவலர் சுட்டதில் தொழிலாளர் இருவர் மாண்டனர். பின்னி நிறுவனம் இழப்பீடு கோரி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது, வாடியா விலகினார். (தொழிற்சங்கத்திற்குச் சட்டக்காப்பு 1926இல்தான் வந்தது.) சங்கத்தின் சுமை திரு.வி.க.வின் தோளில் ஏறியது. 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. தொழிலாளர் சாதிவழிப் பிளவுண்டனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆளுநர் வில்லிங்டன் திரு.வி.க.வை நாடு கடத்துவதாக எச்சரித்தார். அவர் அஞ்சவில்லை, ஆயினும் வேலைநிறுத்தம் தோற்றது.

இரண்டாம் உலகப்போரிலும் அவ்வாலைகள் படைக்குத் துணி நெய்தன. 1947இல் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டபோது, முதுமையடைந்திருந்த திரு.வி.க. வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். இம்முறை ஆணையிட்டது, அவர் இளமை முதல் உழைத்து வளர்த்த காங்கிரசின் ஆட்சி. 1953 செப்டம்பர் 17ஆம் நாள் அவர் மறைந்தார்.