அழுகண்ணிக்கு உணவூட்டிய அறிஞர்

சார்ல்ஸ் டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். மருத்துவரான தந்தை மகனையும் மருத்துவம் பயில அனுப்பினார். மகனின் மனமோ வண்டுகளையும் செடிகொடிகளையுமே நாடியது. 1831 முதல் 1836 வரை பீகிள் எனும் கப்பலில் அவர் உலகைச் சுற்றி வந்தார். 1842இல் மனைவி எம்மாவுடனும் பிள்ளைகளுடனும் லண்டனுக்கு அருகிலுள்ள டவுண் எனும் சிற்றூரில் குடியேறினார். தீராத உடல்நலக் குறைவால் நாளொன்றுக்குச் சில மணி நேரமே அவரால் உழைக்க முடிந்தது. ஆகவே, வீடும் தோட்டமுமே அவருடைய ஆய்வுக்கூடமாயின.

உயிரினங்களின் தோற்றம் பற்றி அவர் எழுதிய நூல் 1859இல் வெளிவந்து பெரும் விவாதத்தைக் கிளப்பியது. மறு ஆண்டு கோடையில், ஓய்வுக்காகச் சசெக்ஸ் பகுதியிலுள்ள உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்தார். அங்கிருந்த ஈரமான தரிசு நிலத்தில் ஒரு சிறு செடி அவர் கண்ணில் பட்டது. அதன் இலைகளில் மயிர்போன்ற உணர்கொம்புகள் அடர்ந்திருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் பிசுபிசுப்பான துளி ஒன்று பனித்துளிபோல் மின்னியது. தமிழில் அழுகண்ணி எனப்படும் இனத்தைச் சேர்ந்த செடி அது. பன்னிரண்டு செடிகளைப் பறித்துப் பார்த்தார். விரிந்திருந்த 56 இலைகளுள் 31 இலைகளில் இறந்த பூச்சிகளோ அவற்றின் எச்சங்களோ ஒட்டியிருந்தன.

செடியிலே பூச்சி சிக்குவது தற்செயல் என்றே அக்காலத்தில் பலரும் எண்ணினர். விலங்குதான் செடியைத் தின்னும். செடி விலங்கைத் தின்பது இயற்கைக்கு மாறானது என்னும் கருத்து வேரூன்றியிருந்தது. டார்வின் அதை எதிர்த்து வாதாடவில்லை. அழுகண்ணியை வளர்த்து, அதற்கு உணவூட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

இலைகளின்மேல் இறைச்சித் துணுக்கு, பால், முட்டையின் வெண்கரு ஆகியவற்றை வைத்தார். உணர்கொம்புகள் மெல்ல வளைந்து அவற்றைப் பற்றிக்கொண்டன. சர்க்கரைக் கரைசலையும் தேநீரையும் இட்டபோது அவை அசையவில்லை. நைட்ரஜன் சத்துள்ள உணவையே செடி நாடுகிறது என்பது புலனாயிற்று. கண்ணாடித் துணுக்கை வைத்தால் இலை ஏமாந்து மூடியது. ஆனால், விரைவிலேயே திறந்துகொண்டது. ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த எடையுள்ள முடித்துண்டுகூட உணர்கொம்பை வளைத்தது. மழைத்துளி விழுந்தாலோ அது அசையவில்லை. பயனற்ற அசைவில் செடி தன் ஆற்றலை வீணாக்குவதில்லை!

ஆய்வு பிற பூச்சியுண்ணும் தாவரங்களுக்கும் விரிந்தது. நண்பர் ஜோசப் ஹூக்கர் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்தார். டார்வினின் தூண்டுதலால் அவர் குடுவைச் செடிகளை ஆராய்ந்தார். மலாய்மொழியில் ‘பெரியோக் கெரா’, அதாவது குரங்குப் பானை, என நம் நாட்டில் அழைக்கப்படுவதும் இவ்வகைச் செடியே. குடுவைக்குள் விழும் பூச்சிகளைச் செடி செரித்து உண்கிறது என்பதை ஹூக்கர் 1874இல் எடுத்துரைத்தார்.

முதல் செடியைக் கண்டு பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1875இல், டார்வின் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். விலங்குகளின் இரைப்பையில் சுரப்பதைப் போன்ற செரிமான நீர் இலைகளிலும் சுரக்கிறது என அதில் நிறுவினார். ஆயினும், அவ்வுணவால் செடிக்கு நன்மை உண்டா எனும் வினா எஞ்சியிருந்தது. அதற்கு அவருடைய மகன் பிரான்சிஸ் விடை கண்டார். தட்டுகளில் அழுகண்ணிகளை வளர்த்து, ஒவ்வொரு தட்டையும் தடுப்பால் இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கத்துச் செடிகளுக்கு மட்டும் இறைச்சித் துணுக்கு ஊட்டினார். அவை மறுபக்கத்துச் செடிகளைவிட இரு மடங்குக்கும் மேலான விதைகளைத் தந்தன. அம்முடிவு 1878இல் வெளியானது. அதைக் கண்டு மகிழ்ந்த டார்வின், 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் டவுணில் காலமானார்.

இச்செடிகள் சத்துக் குறைந்த மண்ணில் வளர்பவை. மண் தராத சத்தைப் பூச்சியிடமிருந்து பெறுகின்றன. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வீட்டு மாடத்தில் குடுவைச் செடி வளர்ப்போர் மறக்கக்கூடாத உண்மை இது. அன்பு மிகுதியால் உரமிட்டால் அதன் வேர் கெடும். குழாய் நீரைவிட மழைநீரே அதற்கு ஏற்றது. நீர் தேங்காத, இளகிய கலவையும் நல்ல வெளிச்சமும் போதும். குடுவையில் இறைச்சியைத் திணிக்கவும் வேண்டா. அளவுக்கு மிஞ்சிய இறைச்சி அழுகண்ணியின் இலையையே கொன்றதை டார்வின் கண்டிருக்கிறார். தாழ்நிலக் குடுவைச் செடிகளுக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கின் வெப்பமும் ஈரமும் ஒத்துவரும். கினாபாலு மலையின் ராஜா குடுவைச் செடிக்கோ குளிர்ந்த இரவுகள் தேவை. அதனைக் காட்டிலிருந்து பிடுங்கி வந்தால் காடும் இழக்கும், செடியும் பிழைக்காது. ஆகவே, நாற்றுப்பண்ணையில் வளர்க்கப்பட்ட செடியை வாங்குவதே முறை.

தனக்குப் பிடித்ததைக் கொடுப்பது மட்டும் பராமரிப்பு ஆகாது. செடிக்கு எது தேவை, எது தேவையில்லை எனப் பொறுமையாகக் கவனித்து அறிவதே பராமரிப்பு. உடல் நலிந்த ஒரு மனிதர் தம் வீட்டிலிருந்தபடியே உலகின் எண்ணத்தை மாற்ற முடிந்தது அந்தக் கவனிப்பினால்தான்.