தூரிகை ஏந்திய துறவி

நம் குடும்பங்களில் ஞானப்பிரகாசம் என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அப்பெயருக்குரிய புனிதர் யார் என்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள், பெரியவர்களும் அப்படியே. இத்தாலி நாட்டு அலோசியஸ் கொன்சாகாவே அவர். அவருடைய வாழ்வைக் கண்ணாரக் காண விரும்புவோர் மங்களூர் புனித அலோசியஸ் சிற்றாலயத்திற்குச் சென்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அதன் விதானத்தையும் சுவர்களையும் ஓவியங்களால் நிரப்பியவர் சேசு சபைச் சகோதரர் அந்தோனியோ மொஸ்கேனி.

1854-ம் ஆண்டு பெர்கமோ நகருக்கு அருகில் ஸ்தெட்சானோ என்னும் ஊரில் பிறந்தார். பெர்கமோவின் கர்ராரா கலைக்கழகத்தில் என்ரிக்கோ ஸ்கூரி என்ற ஆசிரியரிடம் பயின்றார். பின்னர் ரோமாபுரி சென்று, வத்திக்கானிலுள்ள பெரும் ஓவியங்களை ஆராய்ந்தார். மிலான், தூரின் நகரக் கண்காட்சிகளில் அவருடைய படங்கள் இடம் பெற்றன. இவ்வாறு பெயரும் புகழும் கூடிவந்த வேளையில், 1889-ல், யாவற்றையும் விட்டுச் சேசு சபையில் சேர்ந்தார். குருவாக அல்ல, சகோதரராக. முப்பத்தைந்து வயதில் கைநிறையத் தொழில் வைத்திருந்தவருக்கு அது எளிதாக இருந்திராது.

1898-ல் இந்தியா வந்தார். சுவர் ஓவியமோ அவசரக்காரருக்கு ஆகாத வேலை. சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டிவிட வேண்டும். காய்ந்தபின் திருத்த முடியாது. விதானப் படங்களைத் துணியில் எண்ணெய் வண்ணத்தால் எழுதினார். 1901-க்குள் வேலை முடிந்தது.

நடு விதானத்தில் ஞானப்பிரகாசியாரைக் காண்கிறோம். கர்தினால் சார்லஸ் பொரோமேயுவின் கரங்களிலிருந்து புதுநன்மை பெறுகிறார், ஏழைகளுக்குப் போதிக்கிறார், சேசு சபையில் நுழைகிறார். ரோமாபுரியில் கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்யும் படமே என் மனத்தை விட்டு அகலாதது. தந்தையின் சிற்றரசைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்த அந்த இளைஞர், நோயாளிகளைத் தொட்டுத் தூக்கியதால் தாமும் நோயுற்று, 1591 ஜூன் 21-ம் நாள் இருபத்துமூன்று வயதில் இறந்தார். துறந்து வந்த ஒருவரைத் துறந்து வந்த இன்னொருவர் வரைந்திருக்கிறார்.

மங்களூருக்குப்பின் வேறு ஊர்களிலும் ஆலயப்பணி அவரை அழைத்தது. கடைசியாகக் கொச்சிக் கோட்டையில் திருச்சிலுவைப் பேராலயத்தை அலங்கரித்தார். அப்பேராலயம் 1905 நவம்பர் 19-ம் நாள் அபிஷேகம் செய்யப்பட்டது. சகோதரர் மொஸ்கேனி அதற்கு நான்கு நாட்களுக்குமுன், நவம்பர் 15-ம் நாள், ஐம்பத்தோராவது வயதில் கொச்சியிலேயே கண்மூடிவிட்டார்.