நீசியா புளோரெஸ்தா அம்மையார்

பெயர் என்பது பெற்றோர் இடுவது. தம் பெயரைத் தாமே அமைத்துக்கொண்டு, அதனுள் தம் வாழ்க்கையையே பொதிந்துவைத்தவர் ஒரு பெண்மணி. தென் அமெரிக்காவில் பிரேசில் நாட்டின் வடகிழக்கே, பப்பாரி என்னும் சிற்றூரில் 1810-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டியோனீசியா. உலகம் அறிந்த பெயரோ நீசியா புளோரெஸ்தா பிரசிலெய்ரா ஔகுஸ்தா. கவிஞராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் விளங்கிய இவ்வம்மையார், தம் நாட்டுப் பெண் கல்விக்கு வழிவகுத்த முன்னோடிகளுள் ஒருவர்.

தந்தையார் போர்ச்சுக்கீசியர், வழக்கறிஞர். தாயார் பிரேசில் நாட்டவர். 1822-இல் பிரேசில் போர்ச்சுகலின் ஆட்சியினின்று விடுதலை பெற்றது. நாடு விடுதலை பெற்றும் அந்நாட்டுப் பெண்கள் விடுதலை பெறவில்லை. டியோனீசியாவுக்குப் பதின்மூன்றாம் வயதிலேயே மணம் செய்துவைத்தனர். சில மாதங்களுக்குள் அவர் கணவர் வீட்டை விட்டுப் பெற்றோரிடமே திரும்பினார். ஊரார் பழித்தனர், அவர் கலங்கவில்லை. 1828-இல் தந்தையார் கொலையுண்டு இறந்தார். பின்னர், சட்டக் கல்வி பயின்றுகொண்டிருந்த மனுவேல் ஔகுஸ்தோ என்னும் இளைஞரோடு அவர் வாழத் தொடங்கினார். 1830-இல் லிவியா என்னும் மகள் பிறந்தாள்.

1832-இல் ரெசீஃபே நகரில் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. பெண்களின் உரிமைகளையும் ஆடவரின் அநீதியையும் பற்றிய மொழிபெயர்ப்பு அது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுக்கு மேல் இராது. அந்நூலில்தான் நீசியா புளோரெஸ்தா என்ற பெயர் முதன்முதலாகத் தோன்றிற்று. இந்நூலின் வரலாறு சுவையானது. மூல ஆசிரியர் இங்கிலாந்தின் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் என்றே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர்கள் நம்பி வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்தபோது, மூலநூல் சோபியா என்ற புனைபெயரில் 1739-இல் இங்கிலாந்தில் வெளிவந்த வேறொரு நூல் எனத் தெரிந்தது. பிழை அம்மையாருடையதன்று, அவர் கையாண்ட பிரெஞ்சுப் பதிப்பே ஆசிரியர் பெயரை மாற்றி அச்சிட்டிருந்தது.

குடும்பம் தெற்கே போர்ட்டோ அலெக்ரே நகருக்குக் குடிபெயர்ந்தது. 1833-இல் மகன் பிறந்தான். அவ்வாண்டிலேயே மனுவேல் ஔகுஸ்தோ மறைந்தார். இரு குழந்தைகளோடு தனித்து நின்ற அம்மையார் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். 1835-இல் அப்பகுதியில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆகவே 1837-இல் தலைநகராகிய ரியோ டி ஜெனீரோ வந்து சேர்ந்தார். மறு ஆண்டு அங்கே பெண்களுக்கென ஒரு பள்ளியை நிறுவினார். மறைந்த துணைவரின் நினைவாக அதற்கு ஔகுஸ்தோ கல்லூரி என்று பெயரிட்டார்.

அப்பள்ளியின் அருமையை உணர, அக்கால நிலையை அறிதல் வேண்டும். பெண்களுக்கும் தொடக்கப் பள்ளிகள் திறக்க 1827-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. ஆனால் அவர்களுக்குக் கணிதத்தில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கே போதும், வடிவியல் வேண்டா என்று அச்சட்டமே வரையறுத்தது. தையலும் இல்லற வேலையுமே பெண்ணுக்குரிய படிப்பு எனக் கருதப்பட்டன. அம்மையாரோ தம் மாணவியர்க்கு லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம், ஆங்கிலம் ஆகிய மொழிகளையும், வரலாறு, புவியியல் முதலியவற்றையும் கற்பித்தார். ஏளனம் எழாமல் இருக்குமா? 1847-இல் தலைநகர் நாளிதழ் ஒன்று, மாணவியர் மொழிகளில் காட்டிய தேர்ச்சியைக் கேலி செய்து, ஊசி வேலை எங்கே என வினவியது. கணவர்க்கு வேண்டுவது குறைவாகப் பேசி மிகுதியாக உழைக்கும் மனைவியே என்றும் எழுதியது. அம்மையார் பாடத்திட்டத்தை மாற்றவில்லை. பள்ளி 1856 வரை நடைபெற்றது.

பள்ளிப் பணிக்கிடையே எழுத்தும் தொடர்ந்தது. மகளின் பன்னிரண்டாம் பிறந்தநாள் பரிசாக அறிவுரை நூல் ஒன்று 1842-இல் வெளியாயிற்று. 1849-இல், வெள்ளையரால் நிலமிழந்த கயெத்தே குலத்துப் பழங்குடியினன் ஒருவனின் கண்ணீரைப் பாடும் நெடுங்கவிதையை வெளியிட்டார். 712 அடிகள் கொண்ட அக்கவிதையில், அப்போதுதான் ஒடுக்கப்பட்ட பெர்னாம்புக்கோ கிளர்ச்சியின் துயரும் கலந்தொலித்தது. பழங்குடியினரை வெற்றி வீரராகப் புனைந்தோர் உண்டு. இவர் பாடியது தோற்றவனின் வேதனையை. 1853-இல் பெண் கல்வி பற்றிய கட்டுரைகள் நூலாயின. 1855-இல் ஓர் அடிமையின் வாழ்க்கையை இதழில் தொடராக எழுதினார். அதே ஆண்டு ரியோ நகரில் காலரா பரவியபோது நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்.

குதிரையிலிருந்து வீழ்ந்து நலிவுற்ற மகளின் உடல்நலம் கருதி, 1849-இல் முதன்முறையாக ஐரோப்பா சென்றிருந்தார். பாரிஸில் தத்துவ அறிஞர் ஒகஸ்த் கோம்த்தின் சொற்பொழிவுகளைக் கேட்டார். பிற்காலத்தில் அவருடைய நட்பையும் பெற்றார். 1857-இல் கோம்த்தின் இறுதி ஊர்வலத்தில் நடந்து சென்ற மிகச் சில பெண்களுள் அம்மையாரும் ஒருவர். 1856-க்குப் பின் வாழ்க்கையின் பெரும்பகுதி ஐரோப்பாவிலேயே கழிந்தது. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் நூல்கள் இயற்றினார். மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கிய தாயின் எழுத்தை, மகள் லிவியா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1865-இல் லண்டனில் வெளியிட்டது பொருத்தமான நிகழ்ச்சி. 1885-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், பிரான்சில் ருவான் நகரை அடுத்த ஊரில் அம்மையார் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்துப் பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது.

இனி அவர் பெயரின் பொருளைக் காண்போம். நீசியா என்பது பெற்றோர் இட்ட பெயரின் சுருக்கம். புளோரெஸ்தா என்பது அவர் பிறந்த பண்ணையின் பெயர். பிரசிலெய்ரா என்றால் பிரேசில் நாட்டவள். ஔகுஸ்தா என்பது துணைவரின் நினைவு. கால் நூற்றாண்டுக்கு மேல் அயல்நாட்டில் வாழ்ந்தும், அந்நாடுகளின் மொழிகளில் எழுதியும், பிறந்த மண் அவர் பெயரை விட்டு நீங்கவில்லை.

மண்ணும் அவரை மறக்கவில்லை. 1948-இல் பப்பாரி ஊர் நீசியா புளோரெஸ்தா என்று பெயர் மாற்றம் பெற்றது. 1954-இல் அவருடைய எலும்புகள் பிரான்சிலிருந்து கொணரப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டன. பண்ணையின் பெயரைத் தாம் ஏற்றுக்கொண்டார். பின்னர் ஊரே அவர் பெயரை ஏற்றுக்கொண்டது. பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நம் குடும்பங்களின் பெண் மக்கள் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.