வெயிலைத் தேடிய மருத்துவர்

மார்கழி பிறந்துவிட்டால் நம் ஓசூரின் குளிரைச் சொல்லவும் வேண்டுமோ! கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் அல்லவா வாழ்கிறோம்! இரவு ஷிப்ட் முடிந்து சிப்காட்டிலிருந்து திரும்பும் தந்தையர் டீக்கடை வாசலில் நின்று வெயில் காய்கின்றனர். நாமும் காலை வழிபாடு முடிந்ததும் வெயில் விழும் சுவரோரத்தை நாடி ஓடுகிறோம். இந்த எளிய சுகத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்து, பலருடைய துயரைத் துடைத்த ஒருவரின் வாழ்வை இங்கே நினைவுகூர்வோம்.

அவர் பெயர் நீல்ஸ் ஃபின்சன். 1860 டிசம்பர் 15-ஆம் நாள், வட அட்லாண்டிக் கடலில் உள்ள பரோயே தீவுகளில் பிறந்தார். அங்கே டிசம்பர் கடைசியில் பகல் என்பது ஏறத்தாழ ஐந்து மணி நேரமே! டென்மார்க்கில் அவர் பயின்ற பள்ளியில் திறமை குறைந்த மாணவர் என்றே கருதப்பட்டார். பின்னர் ஐஸ்லாந்துப் பள்ளியில் சேர்ந்து தேறினார். 1882-ல் கோபன்ஹேகன் சென்று மருத்துவம் பயின்று, 1890-ல் பட்டம் பெற்றார்.

படிக்கும் காலத்திலேயே தீராத நோயொன்று அவரைப் பற்றிக்கொண்டது. இரத்தசோகையும் களைப்பும் வாட்டின. அவர் குடியிருந்ததோ வடக்கு நோக்கிய வீடு. அந்நாடுகளில் குளிர்காலச் சூரியன் தென்வானில் தாழ்ந்தே செல்வதால், அவ்வீட்டில் வெயில் எட்டிப் பார்க்காது. வெயிலில் இருந்தால் உடலுக்கு இதமாக இருப்பதை அவர் உணர்ந்தார். எதிர்க் கூரையில் படுத்திருந்த பூனையொன்று, நிழல் நெருங்கும்போதெல்லாம் எழுந்து வெயிலுக்கு நகர்ந்ததைக் கண்டு வியந்தார் என்றும் சொல்வர். வெயிலில் அப்படி என்னதான் இருக்கிறது? இக்கேள்வியே அவரது வாழ்நாள் பணியாயிற்று.

அக்காலத்தில் தோலைத் தாக்கும் காசநோய் பலருடைய முகத்தை அரித்துச் சிதைத்தது. அவர்கள் வெளியே வர நாணி மறைந்து வாழ்ந்தனர். ஃபின்சன் ஒளியை லென்சுகளால் குவித்து, வெப்பம் சுடாதபடி தணித்து, புண்களின் மேல் பாய்ச்சினார். சூரியன் போதாதபோது கார்பன் வில் விளக்கைப் பயன்படுத்தினார். 1896-ல் கோபன்ஹேகனில் ஒளி மருத்துவ நிலையம் எழுந்தது. நூற்றுக்கணக்கானோர் நலம் பெற்று, மீண்டும் முகம் காட்டி வெளியே நடந்தனர்.

ஆனால் அவருடைய சொந்த நோயை ஒளி தீர்க்கவில்லை. இறுதி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியிலேயே கழித்தார். 1903-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, அத்தொகையில் பெரும் பகுதியை நோயாளிகளின் நலனுக்கே வழங்கினார். 1904 செப்டம்பர் 24 அன்று, 43-ஆம் வயதில் மறைந்தார்.

இன்று தோல் காசநோய்க்கு நல்ல மருந்துகள் உள்ளன. அளவுக்கு மிஞ்சிய வெயில் தோலுக்குத் தீங்கு என்பதையும் அறிவோம். எனினும், மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங் குழந்தைகளை மருத்துவமனைகளில் இன்றும் நீல ஒளியின்கீழ்தான் கிடத்துகிறார்கள்.

தமக்கு ஆறுதல் மட்டுமே தந்த ஒளியைக்கொண்டு பிறருக்கு நலம் தந்தார் ஃபின்சன். நாளைக் காலை சுவரோரத்தில் நாம் வெயில் காயும்போது, நிழலில் நடுங்கி நிற்கும் சின்ன வகுப்புத் தங்கைக்குச் சற்றே நகர்ந்து இடம் தருவோமா?