பாதியில் நின்ற பயிற்சி: சேர் ஹென்றி ரொய்ஸ்

ஒருவருடைய செல்வத்தைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் ரோல்ஸ் ரொய்ஸ் காரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அந்தக் காரைக் கண்ணால் கண்டிராதவர்களும் பெயரை அறிவார்கள். அந்தப் பெயரின் முற்பாதி, பிரபு குடும்பத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த சார்ள்ஸ் ரோல்ஸுக்கு உரியது. பிற்பாதிக்கு உரியவர் லண்டன் தெருக்களில் பத்திரிகை விற்ற ஒரு சிறுவன். பாடசாலைக்கு ஒழுங்காகப் போக வாய்க்காதவன். அவனுடைய கதைதான் இது.

பிரெட்ரிக் ஹென்றி ரொய்ஸ் 1863 மார்ச் 27ஆம் திகதி இங்கிலாந்தின் பீற்றர்பரோ நகருக்கு அண்மையிலுள்ள ஆல்வால்டன் என்ற கிராமத்திலே பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. தகப்பனார் குத்தகைக்கு எடுத்து நடத்திய மாவாலை நொடித்துப் போகவே, குடும்பம் பிழைப்புத் தேடி லண்டனுக்கு இடம்பெயர்ந்தது. 1872இல் தகப்பனாரும் இறந்துவிட்டார். அப்போது ஹென்றிக்கு ஒன்பது வயது. அதன்பின் பத்திரிகை விற்பது, தபாற்கந்தோரிலிருந்து தந்தி கொண்டு போய்க் கொடுப்பது என்று அவனுடைய நாட்கள் கழிந்தன. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தாலும் அவன் வகுப்பறையில் இருந்த காலம் ஏறத்தாழ ஒரு வருடமே.

இந்த நிலையில்தான் அவனுடைய மாமி ஒருவர் கைகொடுத்தார். வருடத்துக்கு 20 பவுண் கட்டணம் செலுத்தி, பீற்றர்பரோவில் இருந்த பெருவடக்கு ரெயில்வே கம்பனியின் வேலைத்தளத்தில் அவனைப் பயிலுனராகச் சேர்த்துவிட்டார். அந்தக் காலத்தில் தொழில் பழகுவதற்கும் பணம் கட்ட வேண்டும். ஹென்றி தங்கியிருந்த வீட்டுக்காரரும் அதே வேலைத்தளத்தில் பணிபுரிந்தவர். வீட்டின் பின்புறக் கொட்டகையில் அவர் கடைச்சல் இயந்திரமும் அரங்களும் வைத்திருந்தார். பகலில் ரெயில் எஞ்சின்களோடும் இரவில் அந்தக் கொட்டகையிலும் ஹென்றியின் கை பழகியது. மூன்று வருடங்கள் சென்றன. பின்னர் மாமியிடம் பணம் தீர்ந்துவிட்டது. பயிற்சி பாதியில் நின்றது. சான்றிதழ் இல்லை.

பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளையின் படிப்பு இடையில் நின்றால் அந்த வீடு எப்படியிருக்கும் என்பது எம்மில் பலருக்குத் தெரியும். ரொய்ஸ் அந்தக் குறையை ஆயுள் முழுவதும் சுமந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. உலகமே பெரிய பொறியியலாளர் என்று கொண்டாடிய பிறகும் அவர் தம்மை ஒரு மெக்கானிக் என்றுதான் சொல்லிக்கொண்டார். அதைப் பணிவு என்பார்கள். பாதியில் விட்ட பயிற்சியின் வடுவும் அதில் இருந்திருக்கலாம்.

வேலை தேடி லீட்ஸ் நகருக்குப் போனார். அங்கே ஒரு கருவித் தொழிற்சாலையில் வாரத்துக்கு 11 ஷில்லிங் சம்பளம். பிறகு லண்டனில் மின்சாரக் கம்பனியொன்றில் சேர்ந்தார். மின்சாரம் அப்போதுதான் தலைகாட்டிய புதுத் தொழில். அதில் பழைய சான்றிதழ்களைக் கேட்பார் குறைவு. மாலையில் இரவு வகுப்புகளுக்குப் போய் அதைக் கற்றார். லிவர்பூலில் தெருக்களுக்கும் நாடக அரங்குகளுக்கும் விளக்குப் போடும் பணியில் இருந்தார். 1884இல், 21ஆவது வயதில், தம் சேமிப்பான 20 பவுணோடு நண்பர் ஏர்னஸ்ட் கிளேர்மொண்டின் 50 பவுணையும் சேர்த்து, மென்செஸ்டரில் குக் வீதியில் ஒரு சிறு பட்டறை தொடங்கினார். முதலில் வீட்டு அழைப்பு மணிகளும் விளக்குப் பொருட்களும் செய்தார்கள். பின்னர் டைனமோக்கள், அதன்பின் மின்சாரப் பாரந்தூக்கிகள் என்று தொழில் வளர்ந்தது. நண்பர்கள் இருவரும் சகோதரிகளான இருவரை மணந்துகொண்டார்கள்.

தொழில் வளர்ந்தது, உடம்பு தேய்ந்தது. ரொய்ஸ் வேலையில் மூழ்கினால் சாப்பாட்டை மறந்துவிடுவார். பால் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் பின்னாலேயே திரியும்படி தொழிற்சாலைப் பையன் ஒருவனுக்குக் கட்டளை இருந்ததாம். வீட்டுத் தோட்டத்தில் ரோஜாச் செடிகளும் பழமரங்களும் வளர்ப்பதில் அவருக்கு விருப்பம். ஆனால் வீடு வந்து சேர இரவாகிவிடும். அதனால் தோட்டத்துக்கே மின்விளக்குப் போட்டு இரவில் மண் கொத்தினார். 1902 அளவில் உடல் ஒரேயடியாக முறிந்தது. டொக்டர்களின் வற்புறுத்தலால் மனைவியோடு தென்னாபிரிக்காவுக்கு நீண்ட ஓய்வுப் பயணம் போய்வந்தார்.

திரும்பி வந்தவரின் கவனம் ஒரு பழைய காரின் பக்கம் போனது. டெக்கோவில் என்ற பிரெஞ்சுக் கம்பனியின் இரு உருளைக் கார் அது. சத்தம் போடும், கிளம்ப மறுக்கும், சூடேறி நிற்கும். அந்நாளைய கார்கள் அநேகமாக அப்படித்தான். சொந்தக்காரர்கள் திட்டிக்கொண்டே ஓட்டினார்கள். ரொய்ஸ் அப்படித் திட்டிக்கொண்டிருக்கவில்லை. அதைக் கழற்றி ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். எந்தத் துண்டு ஏன் அப்படி இருக்கிறது, எப்படி இருந்திருக்க வேண்டும் என்று யோசித்தார். கடைசியில் தாமே மூன்று கார்களைச் செய்து பார்ப்பதெனத் தீர்மானித்தார். 1904 ஏப்ரல் 1ஆம் திகதி முதலாவது கார் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டு நட்ஸ்போர்டில் இருந்த அவர் வீடு வரை ஓடியது. 10 குதிரைவலு, இரண்டு உருளைகள். புதுமை என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பற்சக்கரம் பற்சக்கரத்தோடும், தண்டு தாங்கியோடும் ஒழுங்காகப் பொருந்தியிருந்தன. அதனால் சத்தம் அடங்கியிருந்தது.

லண்டனில் வெளிநாட்டுக் கார்களை விற்றுக்கொண்டிருந்த சார்ள்ஸ் ரோல்ஸ் நல்லதொரு ஆங்கிலேயக் காரைத் தேடிக்கொண்டிருந்தார். இருவருக்கும் தெரிந்த ஹென்றி எட்மண்ட்ஸ் என்பவர் 1904 மே 4ஆம் திகதி மென்செஸ்டர் மிட்லண்ட் ஹொட்டேலில் அவர்களைச் சந்திக்க வைத்தார். ரோல்ஸுக்கு இரண்டு உருளைக் கார்களே பிடிக்காது. ஆனாலும் இந்தக் காரில் ஏறி ஒரு சுற்றுப் போனதும் மனம் மாறிற்று. ரொய்ஸ் செய்யும் கார்கள் அனைத்தையும் தாமே விற்பதாக அந்த வருட முடிவுக்குள் ஒப்பந்தமாயிற்று. 1906இல் ரோல்ஸ் ரொய்ஸ் கம்பனி பதிவானது.

அதே வருடக் கண்காட்சியில் வைக்கப்பட்ட 40/50 குதிரைவலுக் கார்தான் பின்னர் சில்வர் கோஸ்ட், அதாவது வெள்ளி ஆவி, என்று புகழ்பெற்றது. அதன் எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஆறு உருளை எஞ்சினுக்குக் கிராங்க் தண்டு நீளமாக இருக்கும். ஈரத் துணியை இரு கைகளாலும் முறுக்குவது போல, ஒவ்வொரு உருளையும் தள்ளும்போது அந்தத் தண்டு சிறிது முறுகி மீளும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இந்த முறுகல் அதிர்வாகப் பெருகித் தண்டையே முறித்துவிடும். ரொய்ஸின் முந்தைய ஆறு உருளைக் காரிலும் இந்தக் கோளாறு இருந்தது. புதிய எஞ்சினில் அவர் உருளைகளை மூன்று மூன்றாக இரண்டு கட்டிகளாக வார்த்தார். தண்டைத் தடிப்பாக்கி ஏழு இடங்களில் தாங்கிகள் வைத்தார். தண்டின் உள்ளே துளையிட்டு, பம்பின் அழுத்தத்தால் எண்ணெய் ஒவ்வொரு தாங்கிக்கும் தானாகப் போகச் செய்தார். அக்காலத்தில் பல கார்களில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுவதும் தெறிப்பதுமே வழக்கம். சட்டத்தை இணைக்கும் இடங்களில் அடித்து இறுக்கும் ஆணிகளை அவர் நம்பவில்லை. துளையைச் சரிவாகக் குடைந்து, அதற்கேற்ற சரிவான மரையாணியை இறுக்கினார்.

1907இல் வெள்ளி நிறம் பூசிய, ஏஎக்ஸ் 201 என்ற இலக்கத் தகடுடைய கார் சோதனைக்கு விடப்பட்டது. நிர்வாகி குளோட் ஜோன்சனின் யோசனை இது. ஞாயிறு தவிர இரவும் பகலும் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே அது மாறி மாறி ஓடியது. 629ஆவது மைலில் ஒரு தடவை நின்றது. அதிர்வில் பெற்றோல் குழாயின் திருகு தானாக மூடிக்கொண்டதே காரணம். அதன் பிறகு ரயர் பிரச்சினைகள் தவிர, தானாக நிற்கவேயில்லை. 15,000 மைல் முடிந்ததும் மோட்டார்க் கழகத்தின் மேற்பார்வையில் காரை முற்றாகக் கழற்றினார்கள். புதிதைப் போல ஆக்குவதற்குத் தேவைப்பட்ட உதிரிப்பாகங்களின் விலை 2 பவுண் 2 ஷில்லிங் 7 பென்ஸ் மாத்திரமே.

இந்தக் கார்கள் பராமரிப்பே வேண்டாதவை என்று நினைத்துவிடக் கூடாது. பல இடங்களில் ஓட்டுநர் தம் கையாலேயே எண்ணெயும் கிறீசும் இட வேண்டும். உருளையும் அதன் தலையும் ஒரே வார்ப்பாக இருப்பதால், உள்ளே பெரிய வேலை வந்தால் முழுக் கட்டியையும் தூக்க வேண்டும். தாங்கிகளில் பூசிய வெள்ளை உலோகம் தேய்ந்தால் உருக்கி மறுபடி வார்த்து, அச்சுக்கேற்பச் சுரண்ட வேண்டும். அதனால்தான் கம்பனி கார் ஓட்டுநர்களுக்கென்றே ஒரு பயிற்சிக்கூடம் நடத்தியது. பரிசோதகர்களையும் சொந்தக்காரர்களின் வீடுகளுக்கு அனுப்பியது. காரின் மேற்கூடு வேறொருவர் செய்வது என்பதும் பலருக்குத் தெரியாது. ரோல்ஸ் ரொய்ஸ் விற்றது சட்டமும் எஞ்சினும் மாத்திரம். வாங்குபவர் அதைக் கூடு கட்டுபவரிடம் கொண்டுபோவார்.

காரின் முகப்பில் நிற்கும் சிறிய பெண் உருவத்தை 1911இல் சார்ள்ஸ் சைக்ஸ் என்ற சிற்பி செய்தார். எலினோர் தோர்ண்டன் என்ற பெண்ணே அதற்கு மாதிரி என்று பரவலாகக் கருதப்படுகிறது. 1915இல் அவர் பயணம் செய்த பேர்சியா என்ற கப்பல் மத்தியதரைக் கடலில் தாக்கப்பட்டு மூழ்கியது. அவரும் உயிரிழந்தார். ரொய்ஸுக்கோ அந்த உருவத்தில் அவ்வளவாக விருப்பம் இருக்கவில்லை.

1908இல் தொழிற்சாலை டேர்பி நகருக்கு மாறியது. 1910 ஜூலையில் சார்ள்ஸ் ரோல்ஸ் விமான விபத்தில் 32 வயதில் இறந்தார். அடுத்து ரொய்ஸும் கடும் நோயில் விழுந்தார். 1912இல் பெரிய சத்திரசிகிச்சை நடந்தது. அவர் சில மாதங்களே உயிரோடிருப்பார் என்றார்கள். அவரோ மேலும் இருபது வருடங்கள் வாழ்ந்தார். அதற்குக் காரணம் எதெல் ஓபின் என்ற தாதி என்றால் மிகையில்லை. உணவு, ஓய்வு, மருந்து எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். மனைவி பிரிந்து வாழ்ந்தார். எஞ்சின்களின் மெல்லிய சத்தத்தைக் கூடக் கேட்டுத் திருத்தியவர் தம் வீட்டில் எதைக் கேட்கத் தவறினாரோ! தொழிலாளர்களிடமும் அவர் கடுமையானவர். கவனக்குறைவாக அரம் பிடித்தவனை அந்த இடத்திலேயே வேலையை விட்டு நீக்கியிருக்கிறார். சமயத்தில் அவனிடமிருந்து அரத்தை வாங்கித் தாமே செய்தும் காட்டுவார்.

தொழிற்சாலைக்குப் போனால் மறுபடியும் ஊண் உறக்கம் மறப்பார் என்று ஜோன்சன் அவரை அந்தப் பக்கமே விடவில்லை. குளிர்காலத்தில் பிரான்ஸின் தென்கரையில் லெ கனடெல் கிராமத்திலும், மற்றக் காலத்தில் இங்கிலாந்தின் கடலோரத்திலும் தங்கினார். வரைபடக்காரர் சிலர் அருகே இருந்தார்கள். ஒவ்வொரு வரைபடமும் டேர்பிக்கும் அவருக்கும் இடையே போய்வந்தது. முதலாம் உலகப் போரில் அவர் வடிவமைத்த ஈகிள் விமான எஞ்சின்கள் இரண்டைக் கொண்டு 1919இல் அல்கொக், பிரவுன் இருவரும் அத்திலாந்திக் சமுத்திரத்தை நில்லாமல் கடந்தார்கள். 1928இல் வெஸ்ட் விற்றரிங் கடற்கரையில் நடந்தபோது, பந்தய விமான எஞ்சின் ஒன்றின் அமைப்பைக் கைத்தடியால் மணலில் கீறிக் காட்டினார் என்று சொல்லப்படுகிறது. அந்த எஞ்சினோடு பிரித்தானியா 1929, 1931 ஆகிய இரு வருடங்களும் ஷ்னைடர் கிண்ணத்தை வென்றது. இரண்டாவது தடவை அரசு செலவுசெய்ய மறுக்க, லேடி ஹூஸ்டன் என்ற சீமாட்டி 100,000 பவுண் கொடுத்தார். 1930இல் ரொய்ஸ் சேர் பட்டம் பெற்றார்.

1933 ஏப்ரல் 22ஆம் திகதி, 70ஆவது வயதில் வெஸ்ட் விற்றரிங் வீட்டில் அவர் காலமானார். கடைசியாக அவர் ஈடுபட்டிருந்த எஞ்சின் அந்த வருடம் ஒக்டோபரில்தான் முதன்முதலாக ஓடியது. பின்னர் அதற்கு மேர்லின் என்று பெயரிட்டார்கள். ஏஎக்ஸ் 201 கார் இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது. ரொய்ஸின் சாம்பல் முதலில் டேர்பியில் வைக்கப்பட்டிருந்தது. 1937இல் அதை எடுத்து, அவருடைய தகப்பனார் மாவாலையை இழந்து வெளியேறிய ஆல்வால்டன் கிராமத்துத் தேவாலயத்தில் வைத்தார்கள்.